எவ்வளவு கிட்ட, எத்தனை நாள்

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் யாரும் கேட்டால் "கம்ப்யூட்டரில ஒரு வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். உள்ளதைச் சொல்ல வெளிக்கிட்டால் அரை மணி நேரம் போய்விடும், முடிவில் சிரிப்பார்கள். கல்முனைக் கரையில், கடலுக்கு மூன்று தெரு உள்ளே, ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த நாட்டு இராணுவச் செய்மதி, செயற்கைக்கோள் என்பார்களே அது, எந்த நாட்டுச் செய்மதிக்குக் கிட்டப் போகிறது என்று பார்த்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். தருவது வெளிநாட்டில் ஒரு சிறிய கம்பனி. அங்கே மேற்பார்வை செய்யும் பெண்ணின் குரலை மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் வானத்து விதானை. ஊர்க் காரியம் பார்க்க ஒரு விதானை இருந்தால் வானத்துக்கும் ஒருத்தி வேண்டாமா என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவள் என் ராத்தா.

ராத்தா என் ஒரே உடன்பிறப்பு. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை மௌத்தாகி, என்னை விட்டுப் போனாள். ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு மதில். நாங்கள் கதைக்காமல் அப்போது இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. மார்க்கம் இப்படியான கோபத்துக்கு மூன்று நாள்தான் தவணை தந்திருக்கிறது. இரண்டு வருடத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும்; மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அதனால் கூடப் பிறந்த பெண்கள் கலியாணத்துக்குப் பிறகும் பிரிவதில்லை. ஒருத்தி தாளிக்கும் மணம் மற்றவளுக்கு அடிக்கும். கடல் பக்கத்து வீடு ராத்தாவுக்கு, மேற்கே உள்ளது எனக்கு. மதிலில் ஒரு வாசல் விட்டிருந்தார்கள், கதவு கிடையாது. "தூர இருந்தால் சேர உறவு, கிட்ட இருந்தால் முட்டப் பகை" என்று உம்மா சொல்வா. சொல்லிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் கட்டியும் கொடுத்தா. உம்மாவும் வாப்பாவும் போய்ச் சேர்ந்தபின் அந்த வளவில் நானும் அவளும்தான் மிச்சம்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த பிழை விளங்காது. தரையிலிருந்து முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் வரிசையாக நிற்கும் ஒரு வளையம் இருக்கிறது. அவை பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நமக்கு நின்ற இடத்தில் நிற்பது போலத் தெரியும். கூரையில் இருக்கும் டிஷ் வருடக் கணக்கில் ஒரே பக்கம் முகம் காட்டி நிற்பது இதனால்தான். தொலைநோக்கியை அசையாமல் வைத்துப் படம் எடுத்தால் நட்சத்திரங்கள் எல்லாம் கோடாக இழுபடும், இந்தச் செய்மதிகள் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். கம்பனி அனுப்பும் படங்களில் அந்தப் புள்ளிகளை நேற்றைய படத்தோடும் முந்தாநாள் படத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. எல்லாம் தன் தன் இடத்தில் நின்றால் எழுத ஒன்றுமில்லை.

சில மட்டும் நிற்காது. அவை அநேகமாக இராணுவத்துடையவை. தன் உயரத்தை ஒரு இம்மி கூட்டும், அல்லது குறைக்கும். அதோடு வளையத்தில் மெல்ல மெல்ல நகரத் தொடங்கும். கிழமைக் கணக்கில் நகர்ந்து, வேறொரு நாட்டின் தொலைத்தொடர்புச் செய்மதிக்குப் பக்கத்தில் போய், உயரத்தைச் சரிசெய்துகொண்டு நின்றுவிடும். சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு கிட்ட வரும். எதிரே நிற்பதன் முகத்தில் வெளிச்சம் விழும் நேரம் பார்த்துத்தான் வரும். படம் எடுக்க வந்ததா, ஒட்டுக்கேட்க வந்ததா, ஒருநாள் கையை வைப்பதற்கு இப்போதே பழகிப் பார்க்கிறதா, யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வரும், சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

நான் எழுதும் அறிக்கையில் இரண்டு கட்டம்தான் முக்கியம். எவ்வளவு கிட்ட, எத்தனை நாள். ஏன் என்பதற்குக் கட்டம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை, "ஒட்டுக்கேட்பதற்காக வந்திருக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். மேற்பார்வைப் பெண் அதை வெட்டிவிட்டாள். கண்டதை எழுது, நினைப்பதை எழுதாதே என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. சுத்தமான சட்டம் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்தில் ராத்தா பின்னேரங்களில் மதில் வாசலால் தேத்தண்ணியோடு வருவாள். என் கதிரைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பாள்.

"இதென்னகா, அரிசியில கல்லுப் பொறுக்கிற வேலதானே இது."

"கல்லு நடக்காதே ராத்தா. இது நடக்கும்."

ஒரு நாள் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு புள்ளிகளைக் காட்டி விளங்கப்படுத்தினேன். இது ஒரு நாட்டுடையது, அது இன்னொரு நாட்டு இராணுவம் அனுப்பியது, ஒரு மாதமாக இப்படியே நிற்கிறது என்றேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு கிட்ட வந்து நிண்டுட்டு ஒரு சலாமும் சொல்லாதா?"

"சொல்லாது."

"அப்ப மத்தது கேக்காதா, ஏன் வந்தாய் எண்டு?"

"கேக்க வழியில்ல ராத்தா."

"வழியில்லையா, கேக்கத்தான் மனமில்லையா?" என்று சொல்லிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். எதையும் பகிடியாக்காமல் அவளுக்கு இருக்க ஏலாது.

அந்தப் பகிடிதான் எங்களைப் பிரித்தது. என் கணவர் கத்தாருக்கு வேலைக்குப் போனவர். முதலில் தினமும் போன் எடுத்தார், பிறகு கிழமைக்கு ஒரு தடவை, பிறகு பெருநாளுக்குப் பெருநாள். கடைசியில் தலாக் வந்தது. வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா மூன்று மாதமும் முடிந்த கையோடு, ஒரு கலியாண வீட்டில் பெண்கள் சுற்றி இருந்தோம். யாரோ என் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். ராத்தா சொன்னாள்: "வானத்தில ஒரு பொட்டு அசைஞ்சாலும் எங்கட புள்ளைக்குத் தெரியும். சொந்தப் புருசன் நழுவினதுதான் தெரியாமப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என்னையும் சிரிக்க வைக்கத்தான் அதைச் சொன்னாள் என்று இப்போது நினைக்கிறேன். அன்று நான் சாப்பிடாமல் எழும்பி வந்தேன். அடுத்த நாள் ஒரு மேசனைக் கூப்பிட்டு மதில் வாசலைக் கல் வைத்து அடைத்தேன். ராத்தா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மேசன் சீமெந்து பூசி முடிக்கும்வரை நானும் அவள் பக்கம் திரும்பவில்லை.

பிறகு எல்லாம் தெருவைச் சுற்றித்தான். பெருநாளைக்கு வட்டிலப்பம் அவள் மகள் கையில் வரும். நானும் தட்டை வெறுமையாக அனுப்பமாட்டேன். மகளுக்குப் பத்தொன்பது வயது, நான் சாச்சி. "உம்மா எப்படி?" என்று அவளிடம் கேட்க எத்தனை தடவை வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஆனால் ராத்தாவின் வீட்டில் நடப்பது எல்லாம் எனக்குத் தெரியும். என் அறை ஜன்னல் கிழக்கே பார்த்தது, அவளுடைய அடுப்படி ஜன்னல் மேற்கே பார்த்தது, மதில் இரண்டுக்கும் கீழேதான். எத்தனை மணிக்கு வெளிச்சம் போடுகிறாள், எப்போது அவள் புருசன், என் மச்சான், சம்மாந்துறை அரிசி மில்லுக்கு வேலைக்குப் போகிறார், எந்த நாளில் மீன் வெட்டுகிறாள், எல்லாம் தெரியும். கண்ணைப் பழக்கிவிட்டால் அது சும்மா இருக்காது. எவ்வளவு கிட்ட, எத்தனை நாள்.

போன நோன்பு தொடங்க ஒரு கிழமைக்கு முன், நான் கவனித்துக்கொண்டிருந்த ஓர் இராணுவச் செய்மதி இடம் பெயர்ந்தது. முதல் நாள் வித்தியாசம் தலைமயிர் அளவு. என் கண் ஏமாறுகிறதோ என்று மூன்று நாள் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு எழுதினேன். மேற்பார்வைப் பெண் அன்றைக்கே போன் எடுத்துப் புகழ்ந்தாள். வேறு யாரும் அதை இன்னும் காணவில்லையாம், நான்தான் முதல் ஆளாம். முப்பத்தாறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் தலைமயிர் அளவு நகர்ந்ததைப் பிடித்த கண் என்று நான் மேலே கீழே தெரியாமல் நடந்தேன். நோன்பு முழுவதும் அது நாளுக்கு நாள் ஒரு தொலைத்தொடர்புச் செய்மதியை நோக்கி வந்துகொண்டிருந்தது. நானும் சஹருக்கு எழும்பிச் சாப்பிட்டுத் தொழுதுவிட்டு, விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிப்பேன்.

நோன்பு ஆறு, பின்னேரம் அசர் தொழுகை நேரம். தலையை நிமிர்த்தினேன். எதிரே அடுப்படி ஜன்னலில் ராத்தா நின்றாள், கையில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

நோன்பு பிடிக்காத பெண்ணைக் கண்டால் நாங்கள் காணாத மாதிரி இருந்துவிடுவோம். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, வளரும்போதே வந்துவிடும். மாதத்தில் சில நாள் பெண்ணுக்கு நோன்பு இல்லை. அவள் மறைவாக ஒரு மிடறு குடிப்பாள், கண்டவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தாய் மகளிடம்கூடக் கேட்கமாட்டாள். ஏன் நோன்பில்லை என்று ஒரு பெண்ணிடம் கேட்பதைப்போல மரியாதை கெட்ட கேள்வி வேறில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜன்னல் கர்ட்டினையும் பாதி இழுத்துவிட்டேன்.

நோன்பு பத்தொன்பது, அதே அசர். மறுபடியும் அதே ஜன்னல், அதே கிளாஸ். ஆறுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் பதின்மூன்று நாள். இரண்டு திகதியைக் கண்டால் நடுவில் உள்ளதைக் கழித்துப் பார்ப்பதுதான் என் தொழில். அன்றைக்கும் மனம் கழித்துத்தான் பார்த்தது. பிறகு தானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டது: அவளுக்கு நாற்பத்தெட்டு வயது, அந்த வயதில் மாதக் கணக்கு குழம்பும். மறைவாகக் குடிக்கத் தெரியாதவளா என் ராத்தா என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதோடு சரி. கர்ட்டினை முழுதாக இழுத்து மூடினேன். பெருநாள் முடிந்த பிறகும் திறக்கவில்லை. அவளுடைய மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் செய்மதி நோன்பின் கடைசிப் பத்து நாளில் வந்து சேர்ந்து, மற்றதன் பக்கத்தில் நின்றது. நல்ல அறிக்கை எழுதினேன்.

பெருநாள் முடிந்து சில கிழமையில் ராத்தாவும் மச்சானும் மகளும் கொழும்புக்குப் போனார்கள். மகளின் படிப்பு விஷயம் என்று தெருவில் கதை. வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் காலையில் மச்சான் மட்டும் வந்து என் கேற்றடியில் நின்றார். இரண்டு வருடத்தில் அவர் என் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தாடி நரைத்திருந்தது.

"புள்ள, ராத்தாவப் பின்னேரம் கொண்டு வாறாங்க. டொக்டர்மார் வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிட்டாங்க."

"என்ன வருத்தம் மச்சான்?"

"மார்புல கேன்சர். ஒரு வருசத்துக்கு மேல. ஒருத்தருக்கும் சொல்ல விடல்ல. தெரிஞ்சா ஊர் கதைக்கும் எண்டுட்டா." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நோம்புக்குள்ள மருந்து எடுத்துக்கிட்டுத்தான் இருந்த. ஒரு நோம்பும் புடிக்க ஏலாமப் போச்சு."

ஒரு நோன்பும் என்று அவர் சொன்னதும் நான் கேற்றைப் பிடித்துக்கொண்டேன்.

வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் தெருவைச் சுற்றி ஓடினேன். பாதித் தூரத்தில் ஒரு செருப்பு கழன்றது, விட்டுவிட்டுப் போனேன். ராத்தாவைக் கட்டிலில் கிடத்தினார்கள். அவளுடைய கை சின்னப் பிள்ளையின் கை அளவுக்கு ஆகியிருந்தது. நினைவில்லை. "ராத்தா, நான் வந்திரிக்கன்" என்று காதடியில் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. மூன்று நாள் யாசீன் ஓதினேன், கரண்டியால் உதட்டில் ஸம்ஸம் தண்ணீர் விட்டேன். மூன்று நாளும் அவளுடைய மூச்சு என் முகத்தில் பட்டது. ஒரு சொல் வரவில்லை. சண்டை பிடித்தாலும் போதும், ஒரு பகிடி விட்டாலும் போதும் என்று கெஞ்சினேன். மூன்றாம் நாள் மத்தியான ளுஹர் பாங்கு சொல்லி முடியும்போது மூச்சு நின்றது.

ஜனாஸாவுக்குச் சனம் கூடியது, வளவு போதவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார், உடையுங்கள் என்றேன். மதிலில் அடைத்த கல்லைப் பத்து நிமிடத்தில் உடைத்து வழி எடுத்தார்கள். அன்று பின்னேரம் குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தால் மேற்பார்வைப் பெண்ணின் செய்தி. அந்த இராணுவச் செய்மதி இடத்தைவிட்டுப் போய்விட்டதாம், சரியாக எப்போது வெளிக்கிட்டது என்று கேட்டிருந்தாள். எனக்குத் தெரியாது, பார்க்கவில்லை என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் ஓதலுக்கு வந்தவர்கள் போனபின், ராத்தாவின் அடுப்படியில் நானும் அவள் மகளும் சோறு வைத்த சகன் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். அசர் வெயில் ஜன்னலால் உள்ளே விழுந்தது. எதிரே என் அறையும் மூடிய கர்ட்டினும் தெரிந்தன. பிள்ளை கையைத் துடைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாச்சி, நோம்புக்குள்ள உம்மா ஒவ்வொரு நாளும் அசருக்கு இந்த இடத்திலதான் தண்ணியோட நிப்பா."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். இந்த நேரம் வெயில் இஞ்சால அடிக்கும், உங்கட அறையால பாத்தா நல்லாத் தெரியுமாம். நான் ஏசின. ஆரும் கண்டா என்ன நினைப்பாங்க, உள்ளுக்குப் போய்க் குடிங்க உம்மா எண்டு. அவ கேக்கல்ல. 'உன்ட சாச்சி கண்டா, ஏன் நோம்பு புடிக்கல்ல எண்டு கேக்க வருவா' எண்டு சொன்ன."

என் கையில் சகன் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"நான் போய்ச் சொல்லிட்டு வாறன் எண்டு எத்தின தரம் சொன்ன, சாச்சி. விடவே இல்ல. 'வருத்தம் எண்டு சொன்னா அவ வருத்தத்தப் பாக்கத்தான் வருவா, என்னப் பாக்க வரட்டும்' எண்டுட்டா. நீங்க கர்ட்டின் போட்டத்துக்குப் பிறகும் உம்மா ஒரு கிழமை நிண்ட."

"பிறகு?"

"பிறகு நிக்க ஏலாமப் போச்சு." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "கொழும்புக்குப் போற அண்டு வேனுக்குள்ள வெச்சுச் சொன்ன, 'சாச்சியோட கோவிக்காத மகள். அவட கண்ணெல்லாம் அந்தப் படத்திலதான். அவ காணல்ல. கண்டிருந்தா வந்திருப்பா' எண்டு. காணல்லதானே சாச்சி?"

"ஓம் மகள். காணல்ல" என்றேன்.

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அழுது முடித்தபின் அவளுக்குப் பாரம் இறங்கிவிட்டது, அது எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து என்னை விட்டு அவள் விலகுவதில்லை. உடைத்த மதில் வழியாகக் காலையில் வருவாள், என் அறையில் இருந்து படிப்பாள், உம்மா இல்லாத வீட்டுக்கு இருட்டிய பிறகுதான் போவாள். இதையும் ஒருநாள் வாசிப்பாள். வாசித்தபின் வருவாளா என்று தெரியாது.

மகள், நான் கண்டேன். ஆறாம் நோன்புக்கு ஒரு தரம், பத்தொன்பதாம் நோன்புக்கு ஒரு தரம். இரண்டு தரமும் உன் உம்மா தண்ணீர் குடிக்கவில்லை. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்து நின்றாள். இரண்டாம் தரம் என் கண்ணையே பார்த்தாள், நானும் அவள் கண்ணைப் பார்த்தேன், அதன் பிறகுதான் கர்ட்டினை இழுத்தேன். நான் கண்டது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.